தறிக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கேமிங் பெட்டி

45,800 ரூபாய். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக என் கேமிங் கம்ப்யூட்டருக்கு ஆன மொத்தச் செலவு இவ்வளவுதான். 2024 ஜூலையில் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டியது. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி கொடுப்பதற்கு முன்னால் அதை ஆன் செய்துதான் காட்டுகிறேன். அவ்வளவு சந்தோஷத்தை எனக்குக் கொடுத்திருக்கிறது அந்தப் பெட்டி.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டி. பேரைச் சொன்னதுமே சேலத்துக்காரர்கள் கை முறுக்கைத்தான் கேட்பார்கள். முறுக்கை விட்டால் தறி. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே கொட்டகை. நான்கு விசைத்தறிகள் பகல் முழுக்க ஓடும். இந்த வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர், அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கி வந்த அரசு லேப்டாப். 2011-ல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டம் இல்லையென்றால், எங்களைப் போன்ற வீடுகளில் கீபோர்டைத் தொட்டுப் பார்க்கவே இன்னும் பல வருஷம் ஆகியிருக்கும். அதில் ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். போனில் சேர்ந்து ஆடிய கூட்டம் கலைந்தது. ஆடினால் இனி கம்ப்யூட்டரில்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அது கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாத காலம். எத்தீரியம் என்ற கிரிப்டோ காசை மைனிங் செய்பவர்கள் அந்தக் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிப் போனார்கள்; மிஞ்சியவற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு விலை. காத்திருந்தேன். 2022 செப்டம்பர் 15-ம் தேதி எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. கார்டு வைத்து அதை மைனிங் செய்யும் வேலை ஒரே நாளில் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு கார்டு விலை படிய ஆரம்பித்ததும், தெரிந்தவர் நடத்திய ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டில் சேர்ந்தேன். கழிவு போக 45,000 கைக்கு வந்தது.

முதலில் பக்கத்தில் ஒரு கடையில்தான் போய்க் கேட்டேன். "ஐ7 தம்பி. 16 ஜிபி ரேம், 4 ஜிபி கார்டு, ஆர்ஜிபி லைட் எல்லாம் இருக்குது. 32,000-க்கு முடிச்சுக்கலாம்" என்றார். லைட் கண்ணைப் பறித்தது. பெட்டியைத் திறந்து காட்டுங்கண்ணா என்றேன். உள்ளே இருந்தது ஐ7-2600. 2011 ஜனவரியில் வந்த பிராசசர்! இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிய அதே வருஷத்துச் சரக்கு. கார்டு ஜிடி 730. அது 2014-ல் வந்தது. நான்கு ஜிபி இருக்கிறதே என்று சொல்லலாம். அண்டா பெரிதாக இருந்து என்ன, குழாயில் சொட்டுச் சொட்டாகத்தானே தண்ணீர் வருகிறது? ஐ3, ஐ5, ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறவே கூடாது. பின்னால் வரும் எண்ணின் தலையைப் பார்க்க வேண்டும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

அந்த 12100-ஐத்தான் நான் எடுத்தேன். இன்டெல் கோர் ஐ3-12100எஃப், 7,400 ரூபாய். ஐயோ, என்ன ஒரு சின்ன சிங்கம் அது! பழைய ஐ7-2600-க்கும் நான்கு கோர், எட்டு த்ரெட். இதற்கும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் பதினொரு வருஷம் கழித்து 2022-ல் வந்தது. அது 95 வாட் என்றால் இதன் அடிப்படைக் கணக்கு 58 வாட்தான். வேலையோ பல மடங்கு. கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்' என்ற எழுத்தைக் கவனியுங்கள். உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். தனிக் கார்டு போடுகிறவர்கள் அதற்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

மிச்சம் பிடித்ததை எல்லாம் கார்டில் கொட்டினேன். ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 20,600 ரூபாய். மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதி. இவ்வளவு பெரிய பங்கை ஒரே பாகத்தில் போடலாமா என்று நண்பர்கள் தயங்கினார்கள். போடலாம், கேமிங் பெட்டிக்குப் போட்டே ஆக வேண்டும்! திரையில் தெரியும் ஒவ்வொரு புல்லையும் ஒவ்வொரு மழைத்துளியையும் வரைவது அதுதான். 13,000 சுமாருக்கு ஜிடிஎக்ஸ் 1650 கிடைத்தது. ஆனால் அதில் 4 ஜிபி மெமரிதான், இன்றைய கேம்களுக்கு மூச்சு முட்டும். ஆர்எக்ஸ் 6600-ல் 8 ஜிபி. இழுக்கும் கரண்ட் 132 வாட், அதற்கு ஒரே ஒரு எட்டு பின் வயர். 1080 திரைக்கு இதைவிட நியாயமான கார்டை நான் பார்க்கவில்லை.

அடுத்தது பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். இதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசச் சொன்னாலும் பேசுவேன். கேபினெட்டோடு சேர்த்து அறுநூறு, எழுநூறு ரூபாய்க்குக் கொடுக்கிறார்களே, மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி எடையே இல்லாமல். அதைத் தொடவே தொடாதீர்கள். எங்கள் தெருவில் எல்லாத் தறியும் சேர்ந்து ஓடும்போது டியூப் லைட் ஒரு முறை கண் சிமிட்டும். அப்படிப்பட்ட கரண்டில் இருபதாயிரம் ரூபாய்க் கார்டை மாட்டப் போகிறோம். இதில் எனக்கு வழி சொன்னது அப்பா. கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் முப்பது வருஷமாகத் தறி மோட்டாரோடு வாழ்கிறவர். "கரண்ட் சரியில்லைன்னா எந்த மோட்டாரும் காயில் போயிரும் கண்ணு. அந்த இடத்துல மட்டும் காசு பாக்காத" என்றார். 3,200 ரூபாய்க்கு 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள 500 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். இந்தக் கார்டுக்கு 450 வாட் போதும் என்று ஏஎம்டி-யே சொல்கிறது. 750 வாட் வாங்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டாயிரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

போர்டு 6,300-க்கு எச்610, சாதாரணமானது. ரேமில் ஒரு விஷயம்: 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சி இரண்டு வாங்கினேன். ஒரு வழிப் பாதை இரு வழிப் பாதையாகிவிடுகிறது, அதே காசில்!

இனி கேபினெட். எங்கள் ஊரில் கேபினெட் வாங்குவது தனிக் கலை. முன்பக்கம் கண்ணாடி போட்டு, உள்ளே கலர் விளக்கு எரியும் பெட்டிகள் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன. சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். கண்ணாடி வழியாகக் காற்று எப்படிப் போகும்? வெயிலைவிடப் பெரிய எதிரி பஞ்சுத் தூசி. தறி ஓடும் வீட்டில் அது எல்லா இடத்துக்கும் வரும், சோற்றில்கூட விழும். அதனால் 1,900 ரூபாய்க்கு முன்பக்கம் முழுக்க வலை போட்டு, உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் வைத்த கேபினெட்டைத் தேடிப் பிடித்தேன். பூட்டிய மூன்றாவது வாரம் ஃபில்டரை உருவிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம். அதற்குள் மெரூனும் மயில் நீலமுமாக நூல் பிசிறுகள். அந்த மாதம் கொட்டகையில் ஓடிய சேலைகளின் கலர் அது! அத்தனையும் கார்டு ஃபேனுக்குள் போகாமல் அந்த வலை தடுத்து நிறுத்தியிருந்தது. குழாயடியில் கழுவி வெயிலில் காய வைத்து மாட்டினேன். மாதம் ஒரு முறை, கரண்ட் ஷட் டவுன் அறிவித்த நாளில், இதுதான் என் வேலை.

பாகங்கள் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கே போனேன். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி சேலத்தில் ஏறினால் விடிவதற்குள் சென்னை சென்ட்ரல். கடை திறக்கும் வரை காத்திருந்து, அண்ணா சாலைப் பக்கமிருந்து உள்ளே நுழைந்தேன். அடடா, எத்தனை வருஷக் கனவு அந்தத் தெரு! மூன்று சக்கர வண்டிகளில் அட்டைப் பெட்டிகள் தலைக்கு மேல் உயர்ந்து போகின்றன. பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் அதே கூட்டம். ஒவ்வொரு படிக்கட்டுக்கு மேலும் ஒரு கடை. விலையைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு நான்கு கடை ஏறி இறங்கினேன். கார்டில் மட்டும் 900 ரூபாய் வித்தியாசம் கிடைத்தது. பில் இல்லாமல் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்றார் ஒருவர், வேண்டாம் என்றேன். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட அந்தப் பில்தான் நாளைக்கு வாரண்டி கேட்கும்போது நமக்குத் துணை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைப் பூட்டினேன். அக்கா டார்ச் பிடித்தாள். பிராசசரின் மூலையில் ஒரு குட்டித் தங்க முக்கோணம் இருக்கும். சாக்கெட்டில் உள்ள குறிக்கு நேராக அதை வைத்து, அழுத்தாமல், அதன் எடையிலேயே உட்கார விட வேண்டும். கீழே முடி மாதிரி 1,700 பின்கள். ஒன்று வளைந்தாலும் போர்டு போயிற்று. கொக்கியை அழுத்தினேன். 'கறக்' என்று ஒரு சத்தம். மேலே இருந்த கறுப்பு மூடி தானாகத் துள்ளி விழுந்தது. அப்படித்தான் விழ வேண்டும் என்று தெரிந்திருந்தும் நெஞ்சு ஒரு நொடி நின்றது. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். ஒவ்வொரு பாகத்தையும் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, "தறியில நாடா, அச்சு, விழுது மாதிரி இதுலயும் எல்லாம் தனித்தனியாத்தான் இருக்குது" என்றார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

எச்டிஎம்ஐ வயரைப் போர்டில் செருகாமல் கார்டில் செருகி, சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. திரை வெளிச்சமானது. பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்து ரேமை 3200-க்கு ஏற்றினேன். இந்த ஒரு கிளிக்கை மறந்தால் காசு கொடுத்து வாங்கிய வேகம் தூங்கிக்கொண்டே இருக்கும்.

அன்று ராத்திரி ஃபோர்ஸா ஹொரைசன் 5. மெக்சிகோவில் நடக்கும் கார் ஓட்டம். ஹை செட்டிங்கில் 80 ஃபிரேமுக்குக் குறையவே இல்லை. என் பழைய மானிட்டர் 75 ஹெர்ட்ஸ்தான்; அது காட்டக்கூடியதைவிட அதிகமாகவே பெட்டி கொடுக்கிறது! புழுதி பறக்கும் செம்மண் பாதையில் வண்டி சறுக்கித் திரும்பியபோது, நான் வாய்விட்டுக் கத்தியது கொட்டகை வரை கேட்டதாம். பிறகு ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. பனியில் குதிரையின் மூச்சு ஆவியாக எழும்புவதை அப்பா பத்து நிமிஷம் நின்று பார்த்தார்.

ஒரே ஒரு இடத்தில் கணக்குத் தப்பியது. 3,100 ரூபாய்க்கு 500 ஜிபி எஸ்எஸ்டி போதும் என்று நினைத்தேன். ரெட் டெட் மட்டுமே 150 ஜிபி கேட்கிறது. இரண்டு மாதம் தள்ளிப் போட்டாவது 1 டிபி வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் அப்படியே செய்யுங்கள். இன்னொன்று, 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. நான் 3,300-க்கு வாங்கிய ஜோடி இன்று அந்த விலைக்குக் கிடைக்காது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரேமைத் தெரிந்தவர்களிடம் சோதித்துப் பார்த்து வாங்கலாம், தப்பே இல்லை. கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் மட்டும் அப்படிப் பழசில் கை வைக்காதீர்கள்.

சேலம், ராசிபுரம், வெண்ணந்தூர்ப் பக்கம் யாராவது பாகங்களை வாங்கி வைத்துவிட்டுப் பூட்டப் பயந்து உட்கார்ந்திருந்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டிக்கு வாருங்கள். என்னிடம் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, தெர்மல் பேஸ்ட் அரை டியூப் மிச்சம் இருக்கிறது, அம்மா சுட்ட முறுக்கும் இருக்கிறது.