ஆர்.சி. புக் இல்லாத அழகு

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் உருவத்தை ஒரே மரத்துண்டிலிருந்து எடுப்பதுதான் பெருமை. ஒட்டுவேலைக்கு இங்கே மதிப்பில்லை. பட்டறையில் நின்று பார்த்துப் பழகியவர்களின் கண், உளி தள்ளிய மரத்தூளையும் சேர்த்தே பார்க்கும். சிற்பி எவ்வளவு எடுத்தார், எங்கே கையை நிறுத்தினார் என்று கேட்கும். ரேஸ் காரையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

டிராக்குக்கென்று தயாரான ஒரு பழைய ஹேட்ச்பேக்கின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். பின் சீட் இல்லை. தரைவிரிப்பு, மேற்கூரைத் துணி, ஏசி, பாட்டுப்பெட்டி எதுவும் இல்லை. வெறும் தகடும் அதன் மேல் பூசிய பெயின்டும்தான். அந்த வெறுமைக்குள் இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு நிற்கிறது. வண்டி குட்டிக்கரணம் போட்டாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காப்பது இந்த ரோல் கேஜ்தான். குழாயும் குழாயும் சேரும் மூட்டில் வெல்டிங்கைக் கவனியுங்கள். நல்ல கைவேலை என்றால் உருக்கிய உலோகம் ஒரே அளவு அலைகளாக, இடைவெளி விடாமல் குழாயைச் சுற்றிப் படிந்திருக்கும். அவசரக் கை என்றால் திட்டுத்திட்டாகத் தெரியும். ஓட்டுபவரை இருக்கையோடு கட்டும் பட்டைகள் ஆறும் இடுப்புக்கு நேரே ஒரே பூட்டில் வந்து சேர்கின்றன. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு ஸ்விட்ச், இழுத்துக்கொண்டு போக ஒரு சிவப்புக் கொக்கி. நம்பர் பிளேட் மட்டும் இல்லை. சாலைக்கு வேண்டியதெல்லாம் போய், ஓடுவதற்கும் உயிரோடு திரும்புவதற்கும் வேண்டியது மட்டும் மிஞ்சியிருக்கிறது. எனக்கு இதைவிட அழகான கார் கிடையாது.

பதிவே இல்லாத வண்டியை ஓட்டலாமா என்று கேட்பார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று அமைந்த தனிவகை வண்டி, அந்தச் சட்டம் சொல்லும் 'மோட்டார் வாகன'த்தில் சேராது. ஆனால் டிராக்கின் கேட்டைத் தாண்டி ஓர் அடி கூட அதைச் சாலையில் உருட்டக்கூடாது. லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பதிவில் இருக்கும் குடும்பக் காரை வீட்டு வாசலில் அறுத்துக் கூண்டு வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் அதிலேயே போவது நடக்காது. வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதை அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வெட்டுவதென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை முறைப்படி ரத்து செய்துகொள்ளுங்கள். சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் ரேஸுக்கும் வேகப் பரிசோதனைக்கும் பணம் தராது என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு நம் மண்ணின் வரலாறு தெரியவில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் ரேஸ் நடந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட டிராக்கை அந்த கிளப்பே கட்டி 1990-இல் திறந்தது.

ஆனால் நான் கும்பிட வேண்டிய பெயர் கோவை எஸ். கரிவரதன். மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து, ஒற்றை இருக்கை கொண்ட 'ஃபார்முலா மாருதி'யை உருவாக்கியவர் அவர். ஊரெல்லாம் ஓடிய காரின் எஞ்சின் என்பதால் உதிரிப் பாகம் எங்கும் கிடைத்தது, செலவும் குறைந்தது. ரேஸ் ஓட்டப் பெரும் பணக்காரராக இருக்க வேண்டும் என்ற நிலையை அந்தச் சின்ன வண்டி மாற்றியது. நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் போட்டியிட்டது ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் காட்டிய வழியில் வந்த எல்.ஜி.பி. ஃபார்முலா 4 வண்டிகளும் மாருதி சுசூக்கியின் 1300 சிசி எஞ்சினில்தான் ஓடுகின்றன. பெரிய எஞ்சினைத் தேடாமல் பாரத்தைக் குறைத்த கை கரிவரதனுடையது. கலை என்று நான் சொல்வது இதைத்தான்.

புதிதாகத் தொடங்குபவருக்கும் அதே வழியைத்தான் சொல்வேன். குதிரைசக்தி அதிகமுள்ள வண்டி ஓட்டுபவரின் தவறுகளை மறைத்துவிடும். நேர்ப்பாதையில் மிதித்தால் போதும், வளைவில் விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம். சின்ன எஞ்சினில் அந்தச் சலுகை இல்லை. வளைவில் இழந்த வேகம் அடுத்த வளைவு வரை திரும்பாது. கற்றுக்கொள்ள அதைவிடக் கறாரான வாத்தியார் கிடைக்கமாட்டார். புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட, முன்பே ரேஸில் ஓடிய பழைய வண்டி ஒன்றை, கூண்டையும் மூட்டுகளையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது. முதல் செலவு தரமான ஹெல்மெட். அடுத்தது பிரேக் ஆயில். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதுவே காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசாகிவிட்டால் 155 டிகிரி வரைதான் தாங்கும் என்று கணக்கு வைக்கிறார்கள். நம் வெயிலில் நாலு லேப் (சுற்று) முரட்டுத்தனமாக ஓட்டிவிட்டு பிரேக்கை மிதித்தால் பெடல் தரைக்குப் போவது இதனால்தான்.

டிராக்கில் இறங்கும் முன் பரிசோதகர்கள் வண்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். கொடிகளின் பொருளைச் சொல்லித் தருவார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். இதை மனப்பாடமாக அறியாதவர் டிராக்கில் இறங்கக்கூடாது. முதல் லேப் டயரைச் சூடாக்க, கடைசி லேப் பிரேக்கை ஆறவைக்க. டிராக்கை விட்டு வந்து பிட் எனும் நிறுத்துமிடத்தில் நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்விப் பிடிக்க விடக்கூடாது.

இனி ரசனைக்கு வருகிறேன். புதியவர் வேகத்தைப் பார்ப்பார். தேர்ந்தவர் பிரேக்கைப் பார்ப்பார். நேர்ப்பாதையின் முடிவில் நல்ல ஓட்டுநர் பெடலை ஒரே அழுத்தில் ஆழமாக மிதிக்கிறார், வண்டியின் மூக்கு தாழ்கிறது, பாரம் முழுக்க முன் டயர்களுக்கு வருகிறது. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கிலேயே இருக்க, பாதத்தின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுகிறது. எஞ்சின் ஒருமுறை உறுமி அடங்குகிறது, கீழ் கியர் உலுக்கல் இல்லாமல் விழுகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த கணம். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப, பிரேக்கிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுக்கிறார். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுதான். நிறுத்துவதற்குச் செலவழித்தது திரும்புவதற்குக் கிடைக்காது. ஒன்றைக் குறைத்த அதே அளவுக்கு இன்னொன்றைக் கூட்ட வேண்டும். வளைவின் உள்விளிம்பைத் தொடும்போது கால் பிரேக்கை முழுதாக விட்டிருக்கும். கண் அதற்குள் அடுத்த வளைவுக்குப் போயிருக்கும். வெளியே நிற்கும் நமக்கு டயரின் மெல்லிய, ஒரே சுதியிலான முனகல் மட்டும் கேட்கும். டயர் கீச்சென்று அலறினால் அது வீரம் அல்ல, தேவைக்கு மேல் ஏதோ செய்துவிட்டார் என்று பொருள்.

இந்தக் கையின் தரத்தை ஓட்டம் முடிந்த பிறகும் படிக்கலாம். பிட்டில் குனிந்து டயரைத் தடவிப் பாருங்கள். ரப்பர் ஒரே சீராகத் தேய்ந்து மெல்லிய மணல்தாள் போல இருந்தால் ஓட்டியவருக்கு வேலை தெரியும். முன் டயரின் வெளிவிளிம்பு மட்டும் கிழிந்து சுருண்டிருந்தால், வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்து ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இரவில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் காரை விரட்டுபவர்களில் பலருக்கு உண்மையிலேயே கை இருக்கிறது. அந்தக் கையை லாரிகளுக்கும் இருசக்கர வண்டிக்காரர்களுக்கும் நடுவே வீணாக்காதீர்கள். நம் ஊரிலிருந்து ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் செட்டிப்பாளையம். இரண்டுமே விடியற்காலையில் கிளம்பினால் எட்டிவிடும் தூரம். தேசியப் போட்டி நடக்கும் ஒரு வார இறுதியில் வண்டி இல்லாமல் சும்மா போங்கள். கொடி விழும் இடத்தில் கூட்டத்தோடு நிற்காதீர்கள். நேர்ப்பாதை முடிந்து பிரேக் பிடிக்கும் இடம் தெரியும்படி நின்று, ஒரே ஓட்டுநரை நாலைந்து லேப் விடாமல் பாருங்கள். வண்டி வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.