வான்சாகசத்துக்கு வகுத்த எல்லைகள்

அமெரிக்காவில் சிறு விமானங்களில் வான்சாகசம் செய்வதைக் கட்டுப்படுத்தும் முதன்மையான சட்டம், கூட்டாட்சி விமானப் போக்குவரத்து விதித்தொகுப்பின் 91.303ஆம் பிரிவு. லூப், ரோல், ஸ்பின் என்று பெயர் சொல்லி எதையும் அது தடுப்பதில்லை. எங்கே, எந்த உயரத்தில், எத்தகைய வானிலையில் செய்யக் கூடாது என்பதையே வரையறுக்கிறது. மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்களுக்கு மேலும், திறந்தவெளிக் கூட்டங்களுக்கு மேலும் வான்சாகசம் கூடாது. விமான நிலையத்தைச் சூழ்ந்து தரைவரை இறங்கும் கட்டுப்பாட்டு வான்வெளியிலும், வான்வழித்தடத்தின் மையக்கோட்டுக்கு இருபுறமும் 4 கடல்மைல் தொலைவுக்குள்ளும் கூடாது. தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. பார்வைத் தெளிவு 3 மைலுக்குக் குறையவும் கூடாது.

இந்த அணுகுமுறைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ஜென்னி விமானங்களில் ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டிய விமானிகள், தங்கள் உயிரோடு வேடிக்கை பார்த்தவர்களின் உயிரையும் பணயம் வைத்தனர். 1926ஆம் ஆண்டின் விமான வணிகச் சட்டம் பறத்தலை அரசின் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. தரையில் இருப்பவரையும் வானில் செல்லும் பிறரையும் காப்பதே அன்றுமுதல் இவ்விதிகளின் மைய நோக்கம்.

அந்த நோக்கத்தை இன்றைய விதி நன்றாகவே நிறைவேற்றுகிறது. உயரம், தொலைவு, பார்வைத் தெளிவு ஆகிய மூன்றும் அளந்து சொல்லக்கூடியவை. இவற்றுக்கு உட்பட்டுப் பறப்பவர் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. 1970இல் தொடங்கிய பன்னாட்டு வான்சாகசக் கழகம் போன்ற அமைப்புகள் அந்நாட்டில் வேரூன்ற இந்தச் சுதந்திரம் துணைநின்றது.

விதிவிலக்கு வழங்கும் முறை இன்னும் சிறப்பானது. போட்டிகள் நீளம், அகலம், உயரம் தலா 1,000 மீட்டர் கொண்ட வான்பெட்டிக்குள் நடக்கின்றன. தொடக்கப் பிரிவினருக்குக் கீழ் எல்லை 1,500 அடி. இடைநிலைப் பிரிவினருக்கு 1,200 அடி. மேல்நிலைப் பிரிவினர் அதற்கும் கீழே இறங்கலாம். விமானக் காட்சிகளில் பறப்பவருக்குத் தனியே திறன் சான்று வேண்டும். அதன்படி 800 அடியில் தொடங்கி, 500, 250 என்று படிப்படியாக இறங்கி, இறுதி நிலையில் கீழ் எல்லையே இல்லாத உரிமையைப் பெறலாம். நிரூபித்த திறனே இங்கு உயரத்தைத் தீர்மானிக்கிறது.

பொது விதியில் இந்த இணைப்பு இல்லை என்பதே அதன் பெருங்குறை. சாதாரணத் தனியார் விமானி உரிமம் பெற்றவர், வான்சாகசப் பயிற்சி ஒரு மணி நேரம்கூடப் பெறாமல், தகுந்த விமானத்தில் தனியே ஏறி ரோல் செய்ய முயலலாம், சட்டம் தடுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளோ இதற்கெனத் தனித் தகுதியையும், குறைந்தது 5 மணி நேரப் பயிற்சியையும் கேட்கின்றன. அமெரிக்கத் தனியார் உரிமத்துக்கு ஸ்பின் (விமானம் சுழன்றபடி விழும் நிலை) பயிற்சி கட்டாயம் என்ற நிலையும் 1949இல் நீக்கப்பட்டது. இன்று அது பயிற்றுநராக விரும்புவோருக்கே கட்டாயம். ஆகவே, தலைகீழாகும் முயற்சி பிசகி ஸ்பின்னில் சிக்குபவர் அதை முதன்முறையாக அங்கேதான் சந்திக்க நேரலாம்.

1,500 அடி என்ற எல்லையும் ஆராயத்தக்கது. செஸ்னா 152 கையேடு, ஒரு சுற்று ஸ்பின்னுக்கும் மீட்சிக்கும் குறைந்தது 1,000 அடி உயர இழப்பை எதிர்பார்க்கச் சொல்கிறது. இயன்றவரை 4,000 அடிக்கு மேலேயே மீட்சி முடிய வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. நிமிடத்துக்கு 6,000 அடி வீதம் விழும் விமானம் 1,500 அடியை 15 நொடியில் கடந்துவிடும். கதவைத் திறந்து, இருக்கைப் பட்டையை விடுவித்து, குதித்து, பாராசூட் விரிய அந்த நேரம் போதாது. தேர்ந்தவருக்கு 1,500 அடி தாராளமாக இருக்கலாம். புதியவருக்கு அது பாதுகாப்பு ஆகாது.

பாராசூட் பற்றிய 91.307ஆம் பிரிவு தெளிவில் மேம்பட்டது. விமானக் குழுவினர் அல்லாத ஒருவரை ஏற்றிச் செல்லும்போது 60 பாகைக்கு மேல் பக்கவாட்டில் சாய்க்கவோ, மூக்கை 30 பாகைக்கு மேல் உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டுமானால், விமானத்தில் உள்ள அனைவரும் பாராசூட் அணிய வேண்டும். குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு விலக்கு உண்டு. இந்த எண்கள் வான்சாகசத்தின் இலக்கணம் என்று பலர் நம்புவது தவறு. 91.303 தரும் வரையறையில் எண்ணே இல்லை. திடீர் நிலைமாற்றம், வழக்கத்துக்கு மாறான நிலை, வழக்கத்துக்கு மாறான முடுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வேண்டுமென்றே, சாதாரணப் பறத்தலுக்குத் தேவையின்றி நிகழ்ந்தால் அது வான்சாகசம். இந்த நெகிழ்ச்சியால் விதியை ஏமாற்றித் தப்புவது கடினமாகிறது. ஆனால், கூர்மையாகச் சாய்ந்து திரும்பிய ஒருவர் விதியை மீறினாரா என்பதைப் பின்னர் அதிகாரியே முடிவுசெய்கிறார்.

வான்வழித்தட விதிக்கு வயதாகிவிட்டது. வானொலி நிலையங்களை இணைத்து வரையப்பட்ட அந்தத் தடங்களை விட்டு, ஜிபிஎஸ் உதவியால் விமானங்கள் பெரும்பாலும் நேர்வழியில் செல்கின்றன. இதனால் 8 கடல்மைல் அகலப் பட்டைகள் பயிற்சிக்கு மூடிக்கிடக்க, உண்மையான போக்குவரத்து திறந்த பகுதிகளுக்குள்ளும் ஓடுகிறது.

விமானத்தின் வலிமை குறித்து 91.303 பேசுவதில்லை, அந்த வேலையைத் தரச்சான்று விதிகள் செய்கின்றன. 2017க்கு முந்தைய பகுப்பின்படி சாதாரண வகை விமானம் 3.8 ஜி (புவியீர்ப்பின் 3.8 மடங்கு), வான்சாகச வகை 6 ஜி தாங்க வேண்டும். லூப் ஒன்றுக்கே 3 முதல் 4 ஜி வரை எழக்கூடும் என்பதால் இந்தப் பிரிவினை மிகத் தேவையானது.

மொத்தத்தில், பிறரைக் காப்பதில் இவ்விதிகள் வெற்றி பெற்றிருக்கின்றன. பறப்பவரைக் காப்பதில் பின்தங்கியிருக்கின்றன. தடைகளைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. ஸ்பின் மீட்சி உள்ளிட்ட குறும்பயிற்சியை முன்நிபந்தனையாக்கலாம். அது முடியும்வரை கீழ் எல்லையை உயர்த்தி வைக்கலாம். திறனுக்கேற்ற உயரம் என்ற நெறி காட்சிகளிலும் போட்டிகளிலும் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால், அதைப் பொது விதிக்கு விரிவாக்குவது இயலாத காரியம் அல்ல.