மெய்ப்பாடும் வட்டமும்: மனவழுத்தத் தணிப்புப் பயிற்சி பற்றிய ஒரு விமரிசனம்

பாதணிகளை வாயிலில் விட்டு, இருபது பேர் வரையில் ஒரு மண்டபத்தில் வட்டமாக நிற்பர். மூச்சு உட்செல்வதும் வெளிவருவதும் கவனிக்கப்படும். தோள்கள் மெல்ல உயர்த்தித் தாழ்த்தப்படும். குதிக்கால் தரையிற் படுவது, உடற்பாரம் முன்பாதத்துக்கு மாறுவது, விரல்கள் நிலத்தை விட்டெழுவது ஆகிய ஒவ்வொன்றையும் உணர்ந்தவாறு சிறிது தூரம் நடப்பர். பின்னர் அவ்வட்டத்திலேயே அமர்ந்து, தாம் உணர்ந்ததை ஒருவர் பின் ஒருவராகக் கூறுவர். பரீட்சைக் காலத்துப் பல்கலைக்கழகங்களிலும், வைத்தியசாலைகளிலும், தொண்டு நிறுவனங்களின் கூடங்களிலும் இவ்வொழுங்கு இன்று பரிச்சயமாகிவிட்டது. இதனைச் சிலர் ஏளனஞ் செய்கின்றனர். சிலர் பக்தியோடு ஏற்கின்றனர். விமரிசிப்போர் அரிது. ஆயினும் களம், உடல், உரை, கால எல்லை ஆகிய நான்கும் உடைய எதனையும் ஓர் அரங்க வடிவமாகக் கொண்டு ஆராயலாம். யார் பேசுகின்றார், எதைப் பேச இடமுண்டு, எது வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படுகின்றது என்னும் வினாக்களை நாடக விமரிசகன் வழமையாக எழுப்புவான். அவ்வினாக்களே இங்கும் பொருந்துவன.

இப்பயிற்சியின் இன்றைய வடிவத்துக்கு மூலம் 1979 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் யோன் கபற்-சின் ஆரம்பித்த திட்டமாகும். எட்டு வாரங்கள், வாரம் ஒரு கூட்டம், இடையில் ஒரு முழுநாட் பயிற்சி என்பது அதன் அமைப்பு. மெதுவான யோகாசனங்கள், உடலை உச்சி முதல் உள்ளங்கால் வரை உள்ளத்தாற் தொட்டுச் செல்லல், கவனத்தோடு நடத்தல், குழு உரையாடல் என்பன அதன் உறுப்புக்கள். நடக்கும்போது நடப்பதை அறிதல், நிற்கும்போது நிற்பதை அறிதல் என்னும் நெறி மச்சிம நிகாயத்தின் சதிபட்டான சுத்தத்திலே விரித்துரைக்கப்பட்டது. இலங்கையின் விகாரைகளிற் பிக்குகள் சக்மன் என்னும் பெயரில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் நடை, கடல் கடந்து சென்று, வைத்தியப் பெயர் தரித்து, பயிற்சிக் கையேடுகளாகத் திரும்பி வந்திருப்பது சற்று வேடிக்கையானதே.

இவ்வடிவத்தில் முதன்மையாக அவதானிக்க வேண்டியது அதன் குழு உரையாடலுக்குரிய விதியாகும். அங்கு ஒருவர் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்ல அழைக்கப்படுவதில்லை. தோளில் இறுக்கம் இருந்தது, மூச்சுக் குறுகியது, எண்ணம் வேறெங்கோ சென்றது என இக்கணத்தில் உணரப்பட்டதைக் கூறுமாறே வழிகாட்டப்படுகின்றார். இறுக்கம் ஏன் வந்தது என்பது ஒதுக்கி வைக்கப்படுகின்றது. இவ்விலக்குக்கு நியாயம் இல்லாமலில்லை. துயரத்தை மீள மீள மனத்தில் அசைபோடுதல் மனச்சோர்வை வளர்க்கும் என்பது உளவியலாளர் கண்டது. இப்பயிற்சியின் கிளையாகத் தோன்றிய மற்றொரு சிகிச்சை, மும்முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானோரிடத்து அந்நோய் மீள்வதைக் குறைத்ததென்னும் ஆய்வுகளின் பேரில், 2004 இல் பிரித்தானியாவின் அரச சுகாதார வழிகாட்டியில் இடம்பெற்றது. மறுபுறத்தில், பேரிடருக்குட்பட்டோரை உடனடியாக ஒரே அமர்வில் நிகழ்ந்ததையெல்லாம் சொல்ல வைத்தல் பிற்கால நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை எனவும், கட்டாயமாக அதனைச் செய்தல் கைவிடப்பட வேண்டும் எனவும் 2002 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு முடிவு கூறிற்று. கதையைக் கறந்தெடுப்பதே சிகிச்சை என்று கருதுவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

இப்பயிற்சிக்கு எதிராக இன்று பெரிதும் எடுத்தாளப்படும் வாதம் 2019 இல் றொனால்ட் பேர்சர் எழுதிய நூலிற் காணப்படுவது. அழுத்தத்தைத் தனிமனிதனின் தலைக்குள் வைத்து, அதனை விளைவிக்கும் வேலை நிலைமைகளையும் பொருளாதார ஒழுங்கையும் இப்பயிற்சி கண்மறைக்கின்றது என்பது அவர் கருத்தின் சாரம். இது மறுத்தற்கரியது. ஆயின் இதனைக் கேட்டவுடன் பயிற்சியை முற்றாக உதறிவிடும் மாணவர் விவாதங்கள் மலிவானவை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு உறக்கமின்றிப் புரளும் ஒருவனுக்கு, அவனுடைய உறக்கமின்மையின் வர்க்க அடிப்படையை விளக்குவதால் உறக்கம் வந்துவிடாது. மூச்சைக் கவனிப்பதால் ஒருவேளை வரும்.

குறை வேறோரிடத்திலே உள்ளது. ஒன்றிற் கதையே வேண்டாம் என்கின்றனர்; மற்றொன்றில் உன் கதையை இப்போதே சொல் என்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றுண்டு. அது பிறர் கதையின் வழியாகத் தன் துயரை உடலால் வெளிப்படுத்தும் வழி.

தமிழ் இலக்கண மரபு உணர்ச்சியை உள்ளத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தொல்காப்பியர் அதற்கு மெய்ப்பாடு எனப் பெயரிட்டு எட்டாக வகுத்தார். மெய்யிலே தோன்றிப் பிறருக்குப் புலப்படுவது என்பதே அச்சொல்லின் கருத்து. அழுகைக்கு அவர் கூறிய நான்கு களங்களுள் இழவும் ஒன்று; வறுமையும் ஒன்று. உடலிற் தோன்றுவது, அதற்கு உலகில் ஒரு காரணம் இருப்பது, அதனைக் காண்பார் ஒருவர் இருப்பது ஆகிய மூன்றும் அவ்வொரு சொல்லிற் பிணைந்துள்ளன. இன்றைய பயிற்சி முதலாவதையும் மூன்றாவதையும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ளதைக் கழற்றிவிட்டது.

செத்த வீட்டு ஒப்பாரியை இவ்வகையில் நோக்குதல் தகும். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலைகளைச் சேர்த்து, முன்னும் பின்னும் அசைந்து பாடுகின்றனர். மார்பில் அடிப்பதற்கும் இடையிடையே மூச்சை இழுத்து நீட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. விளிகளும் உவமைகளும் பெரும்பாலும் மரபிலிருந்து வருவன. எவரும் அவற்றைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இறந்தவர் அயல்வீட்டு முதியவராக இருக்கலாம். அவ்வட்டத்திற் சேரும் பெண், மூன்றாண்டுக்கு முன் போன தன் பிள்ளைக்காகவும் அதே அடிகளிலே அழுதுவிடுகின்றாள். எல்லாருக்கும் அது தெரியும். எவரும் விளக்கங் கேட்பதில்லை, அவளும் கொடுப்பதில்லை. அதுமட்டுமன்று. ஒப்பாரியில் முறைப்பாடும் உண்டு. கைவிட்ட உடன்பிறந்தார், கண்டும் காணாத உறவினர், கொடுக்காமற் போன சீதனம் முதலியனவெல்லாம் ஊரறியப் பாடப்படும். சாதாரண நாளில் வாய்திறந்தால் சண்டையாகக்கூடிய ஒன்று அங்கே பாட்டாகிவிடும். காரணம் இங்கு மறைக்கப்படவில்லை, நேராக விசாரிக்கப்படவுமில்லை.

மட்டக்களப்புக் கூத்து இதனை நீண்ட காலப் பயிற்சியாக விரிக்கின்றது. சட்டங்கொடுத்தலில் தொடங்கி, கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக அரங்கேற்றம் வரையில் அது மாதக்கணக்கிற் செல்லும். இரவிரவாக மத்தளத்துக்குக் கால்மிதித்துப் பழகும் விவசாயியோ மீனவனோ தன் மனநிலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவனுக்கு அண்ணாவியார் கொடுப்பது பிறிதொருவனின் துயரம். வடமோடியில் அபிமன்யுவை இழந்த அருச்சுனனாக அவன் வட்டக்களரியிற் சுழல்கையில், அவன் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுகின்றனர். ஒருவன் சொன்னதை மற்றையோர் கேட்டு ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. சுற்றியிருந்து பார்க்கும் ஊரோ அருச்சுனனையும் அவனை ஆடும் மனிதனையும் ஒருங்கே அறிந்தது.

இவ்வாறு கூறுவது பழமையைப் போற்றுவதாகிவிடலாகாது. மரபுக் கூத்திற் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். ஒப்பாரி வட்டத்திலே ஆண் அழமுடியாது. பறை முழக்குவோர் அச்செத்த வீட்டின் எந்த எல்லையில் நிறுத்தப்பட்டனர் என்பது எல்லாரும் அறிந்ததே. அவ்வகையில், எவரும் எங்கும் நிற்கக்கூடிய இன்றைய பயிற்சி மண்டபத்தின் வட்டம் முன்னைய வட்டங்களைவிட நீதியானது. பேராதனையில் 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்றோரின் துணையுடன் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரிடம் கொண்டுவந்தபோது, பிறப்பாற் கூத்தோடு தொடர்பற்றோரும் அதனை ஆடலாயிற்று. 1962 இல் மேடையேறிய கர்ணன் போர் இதற்கு எடுத்துக்காட்டு. இது பெரும் பேறு. விடிய விடிய ஆடியது ஒன்றரை மணித்தியாலமளவிற் சுருங்கியபோது களைப்பும் அக்களைப்பின் பின் வரும் தெளிவும் சுருங்கின என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

பிறர் கதை எவ்வளவு தூரத்திலே நிற்க வேண்டும் என்பது அடுத்த வினா. யாழ்ப்பாணத்திற் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் 1985 இல் அரங்கேறிய மண் சுமந்த மேனியர் அத்தூரத்தைத் துணிந்து குறைத்தது. பார்த்தோரின் அன்றைய வாழ்வே அங்கு பொருளாயிற்று. ஆயின் அது வாழ்வின் நேர்ப்பிரதியன்று. உரைஞரும், குழுவாக அசையும் உடல்களும், மோடிமைப்படுத்திய நடையும் அதற்கு ஒரு திரையாயின. போர் மனத்தில் விளைத்த காயங்களைப் பொருளாகக் கொண்ட அன்னை இட்ட தீ தலைப்பிலேயே இப்பணியைத் தொடங்கிவிடுகின்றது. தாயின் சிதைக்கு முன் பட்டினத்தார் பாடியதாகக் கூறப்படும் பாடலை அறிந்த எவருக்கும், யாருடைய நெருப்பு எங்கே எரிகின்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. பிறேசில் நாட்டு ஒகஸ்டோ போவால், அரிஸ்ரோட்டில் கூறிய உணர்ச்சித் தூய்மையாக்கம் பார்வையாளரிடமிருந்து மாற்றத்துக்கான உந்துதலைக் கழுவிவிடுகின்றது எனக் கண்டித்து, பார்வையாளனையே எழுந்துவந்து நடிக்கச் செய்தார். அவரது கண்டனம் கூத்துக்கும் ஒப்பாரிக்கும் ஓரளவு பொருந்தும். அபிமன்யு ஒவ்வோராண்டும் அதே வியூகத்தில் இறக்கின்றான். ஆயினும் மாற்ற முடியாத இழப்புக்களும் உலகில் உண்டு என்பதைப் போவாலின் அரங்கு அவ்வளவாக ஏற்பதில்லை.

இவையனைத்தும் கடினமான சோதனைக்கு உள்ளாகும் இடம் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களாகும். 2009 இற் போர் முடிந்தது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரக் கொட்டகைகளிற் பிள்ளைகளின் நிழற்படங்களோடு அமர்ந்தனர். அவர்கள் ஒப்பாரி வைக்க முடியாதவர்கள். வைத்தால் பிள்ளை இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தியேட்டி இல்லை, முப்பத்தோராம் நாள் என்று எண்ணத் தொடங்குவதற்கு முதலாம் நாளே இல்லை. இறந்தவனைப் பாடும் அபிமன்யு கதையும் இதனாலேயே அவர்களுக்கு உதவாது. மரபின் வடிவங்கள் இவ்விடத்திற் கைவிரிக்கின்றன. இக்கணத்தில் உணர்வதை மட்டும் சொல் என்னும் பயிற்சியும், மடியிலுள்ள நிழற்படத்தைச் சற்றுக் கீழே வைக்குமாறு கேட்பதாகவே அவர்களுக்குப் படும். அவர்கள் நாடுவது அமைதியன்று, விடை. எனினும் அவர்களுக்கும் முதுகு வலிக்கின்றது. இரவிலே உறக்கம் வருவதில்லை. கொட்டகைக்குள் ஒருத்தி அழத் தொடங்கினால் அருகிலிருப்பவள் அவளுடைய தோளிற் கைபோடுகின்றாள். இருவரும் சிறிது நேரம் சேர்ந்து அசைகின்றனர். பாட்டு மட்டும் வருவதில்லை.