உடைந்ததை உடைந்தபடியே விட்டவர்

ஹயிம் தத்மோரின் கல்வெட்டுப் பதிப்பில் நான் முதலில் ரசிப்பது சதுர அடைப்புக்குறிகளைத்தான். கல் சிதைந்து எழுத்து போன இடமெல்லாம் அந்தக் குறி வரும். ஊகிக்க வழியிருந்தால் உள்ளே ஊகம் இருக்கும். இல்லையென்றால் வெறும் புள்ளிகள். இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுப் பழைய மன்னனின் பெருமைப் பேச்சில் அந்தப் புள்ளிகளை அப்படியே நிற்க விட எவ்வளவு மன அடக்கம் வேண்டும்!

அந்த மன்னன் மூன்றாம் திக்லத்-பிலேசர். தமிழ் விவிலியத்தில் திகிலாத்பிலேசர். பொ.ஆ.மு. 745 முதல் 727 வரை அசீரியாவை ஆண்டவன். கல்ஹு நகரத்து அரண்மனைச் சுவர்ப் பலகைகளில் தன் போர்களை ஆண்டுவாரியாகப் பொறித்து வைத்தான். பின்னால் வந்த மன்னன் எசர்ஹாத்தோன் அவற்றைப் பெயர்த்துத் தன் புது அரண்மனைக்குக் கொண்டுபோனான். அந்த அரண்மனையும் கட்டி முடியவில்லை. 1840களில் அகழ்வாளர் லேயார்ட் தோண்டியபோது பலகைகள் இடம் மாறி, வரிசை குலைந்து கிடந்தன. பலவற்றை அவர் பார்த்து எழுதிக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டார். அந்தக் கற்களுக்கு இன்று அவருடைய கையெழுத்துப் படிதான் சாட்சி. அசீரிய ஆப்பெழுத்தின் வாசிப்பை அறிஞர் உலகம் ஒப்புக்கொண்டதே 1857இல்தான். ஆக, வாசிக்கத் தெரியாத எழுத்தைக் கண் பார்த்தபடி கை வரைந்த படி அது. இந்த ஆப்பு கல்லில் இருந்ததா, வரைந்த கையின் தடுமாற்றமா? ஒவ்வொரு வரியிலும் தத்மோருக்கு இதே கேள்வி.

1923இல் சீனாவின் ஹார்பின் நகரில் பிறந்து எருசலேமில் கற்பித்த அவர், புதிய பதிப்புக்கான முன்னுரையை 1967இல் வெளியிட்டார். முழு நூல் வந்தது 1994இல். இருபத்தேழு ஆண்டு!

அவருடைய நேர்மையை எனக்குக் காட்டியது ஒரு சிறு களிமண் துண்டு. யூதா நாட்டைச் சொல்லும் அந்தத் துண்டை இந்த மன்னனுடையதென்று பழைய அறிஞர்கள் சேர்த்திருந்தார்கள். அதன் துணையோடு, இம்மன்னனின் கல்வெட்டில் வரும் ‘அஸ்ரியாவு’ யூதாவின் அரசன் அசரியாவே என்று 1961இல் தத்மோரும் வாதாடினார். 1974இல் அறிஞர் நதவ் நாமான் அந்தக் களிமண் துண்டை வேறொரு துண்டோடு பொருத்தி, அது பிந்தைய மன்னன் ஒருவனின் போரைச் சொல்வது என்று காட்டினார். தத்மோர் தம் பதிப்பிலிருந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டார். விவிலியத்தோடு கைகோக்கும் அரிய சான்று, அதுவும் தாமே நின்று வாதாடியது. அதைக் கைவிட எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஆண்டு வரிசையில் சொல்வது வேறு, நிலப்பகுதி வரிசையில் வெற்றிகளைத் தொகுத்துச் சொல்வது வேறு என்று பிரித்து, பின்னதற்குத் ‘தொகுப்புக் கல்வெட்டு’ என்று பெயரிட்டதும் அவர்தான். கலந்து வாசித்தால் காலக்கணக்கே புரண்டுவிடும்.

2005இல் தத்மோர் மறைந்தார். ஆறு ஆண்டு கழித்து, ஷிகேயோ யமாடாவோடு சேர்ந்து அவர் பெயரில் இக்கல்வெட்டுகளின் அடுத்த பதிப்பு வெளிவந்தது. புள்ளிகள் அதிலும் இருக்கின்றன.