மரித்தோர் நினைவும் மத்தாப்பு வெளிச்சமும்: கல்லறைத் திருநாள் ஆசரிப்பைப் பற்றிய ஒரு திறனாய்வு

2024ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மூன்று ஆசரிப்புகளைத் தாங்கி வந்தது. தமிழகத்தில் அன்று தீபாவளி. சீர்திருத்தத் திருச்சபைகளுக்கு அது 1517ஆம் ஆண்டின் நினைவு நாள். மேலை நாடுகளிலும், அண்மைக் காலமாக நம் பெருநகரங்களின் சில பள்ளிகளிலும் கடைவளாகங்களிலும், அது ஹாலோவீன் என்னும் பேய்வேட விழா. இரண்டு நாள் கழித்து நம் சபையார் மெழுகுவர்த்திகளோடும் பூக்களோடும் கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இந்நான்கும் வெவ்வேறானவை என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் நான்கிலும் ஒளி உண்டு. மூன்றில் மரித்தோர் உண்டு. சிவகாசி வட்டாரத்தைப் பொறுத்தமட்டில் நான்காவதிலும் மரித்தோர் உண்டு. மரித்தோரை நினைவுகூரும் நம் முறையை ஹாலோவீனின் அருகில் வைத்துச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரும் பிறப்பும்

ஹாலோவீன் என்னும் சொல்லுக்குச் சகல பரிசுத்தவான்கள் நாளின் முந்திய மாலை என்பதே பொருள். கி.பி. 609இல் ரோமாபுரியின் பாந்தியன் ஆலயம் மே மாதத்தில் மரியாளுக்கும் இரத்தசாட்சிகளுக்கும் ஒப்புக்கொடுக்கப்பட்டது. பரிசுத்தவான்களின் நாள் பின்னரே நவம்பர் 1ஆம் நாளில் நிலைபெற்றது. பதினோராம் நூற்றாண்டையொட்டிக் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, மரித்த விசுவாசிகள் அனைவருக்குமாக நவம்பர் 2ஆம் நாளை ஏற்படுத்தினார். நமது கல்லறைத் திருநாளின் வேர் அதுவே. அயர்லாந்தின் பழைய குளிர்கால விழாவின் வழக்கங்கள் அந்த முந்திய மாலையோடு கலந்தன என்பர். 1840களின் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஐரிஷ் மக்கள் அவ்வழக்கங்களைத் தம்மோடு கொண்டு சென்றனர். ஊரில் முள்ளங்கி இனக் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் புதுநாட்டில் பூசணிக்காயைக் குடைந்தனர்.

ஆகவே ஹாலோவீனைச் "சாத்தானின் பண்டிகை" என ஒரே சொல்லில் ஒதுக்கும் பிரசங்கம் வரலாற்றின் முன் நிற்பதில்லை. அது திருச்சபையின் நாட்காட்டியிலிருந்து கழன்று விழுந்த ஒரு மாலைப்பொழுது. "இங்கே பேய் உண்டா?" என்று கேட்பதைவிட, "இங்கே மரித்தோர் என்ன ஆனார்கள்?" என்று கேட்பதே பயனுள்ளது.

2. வரலாற்று இடத்தில் பேய்வேடம்

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கு இவ்விழாவின் தலைமையிடங்களுள் ஒன்று. வாஷிங்டன் இர்விங் 1820இல் வெளியிட்ட கதையில் வரும் தலையற்ற குதிரைவீரன் இப்பகுதியைச் சேர்ந்தவன். இங்குள்ள வான் கோர்ட்லாண்ட் மாளிகையில் 2005 முதல் ஆயிரக்கணக்கான பூசணிகளைச் செதுக்கி விளக்கேற்றும் காட்சி ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. அதற்கு அண்மையிலுள்ள பிலிப்ஸ்பர்க் பண்ணை மாளிகையில் நுழைவுச்சீட்டு பெற்றுப் பயந்து மகிழும் பேய்க்காட்சி பல ஆண்டுகள் நடத்தப்பட்டது. அப்பண்ணையின் உரிமையாளர் 1750இல் இறந்தபோது எழுதப்பட்ட சொத்துப் பட்டியலில் 23 ஆப்பிரிக்க அடிமைகளின் பெயர்கள் உள்ளன. மாவாலையை இயக்கியவர்களும் வெண்ணெய் கடைந்தவர்களும் அவர்களே. அம்மாளிகையின் காப்பாளர்கள் மற்ற நாள்களில் இவ்வரலாற்றை நேர்மையாக எடுத்துச் சொல்கிறார்கள் என்பதையும் கூறவேண்டும். ஆனால் இரவில், அதே நிலத்தில், கற்பனைப் பேய்கள் உலவின. மெய்யாகவே அங்கு துன்புற்று மரித்தவர்கள் யாரையும் அச்சுறுத்தவில்லை. யாருக்கும் நினைவிலும் வரவில்லை.

இதை நம் அண்டை மாவட்டத்து வழக்கத்தோடு ஒப்பிடலாம். குலசேகரன்பட்டினத்துத் தசராவில் பக்தர்கள் காளியாகவும் குறவராகவும் பிச்சைக்காரராகவும் வேடமிட்டு வீடுதோறும் காணிக்கை பெறுகின்றனர். நமது விசுவாசம் வேறு; எனினும் அங்கு வேடம் என்பது விரதத்தோடு கூடிய நேர்த்திக்கடன் என்பதை மறுப்பதற்கில்லை. அங்கு வேடமிடுபவர் எதையோ இழக்கிறார், எதற்கோ கட்டுப்படுகிறார். சீட்டு வாங்கிப் பயப்படுகிறவர் எதற்கும் கட்டுப்படுவதில்லை. ஹாலோவீனின் குறை இதுவே: அது மரணத்தை விளையாட்டாக்கி, மரித்தோரிடம் நமக்குள்ள கடனைத் தள்ளுபடி செய்துவிடுகிறது.

3. விட்டன்பர்க்கும் ஒரு கல்லறைச் சிக்கலே

இந்த மாலையோடு நமக்குத் தொடர்பில்லை என்று சொல்ல இயலாது. மார்ட்டின் லூத்தர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டது சகல பரிசுத்தவான்கள் நாளுக்கு முந்திய மாலையில். எல்ப் நதிக்கரையில் உள்ள விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் மறுநாள் பரிசுத்தவான்களின் எலும்புகளும் பிற நினைவுப்பொருள்களும் காட்சிக்கு வைக்கப்படும். அவற்றைத் தரிசிப்போருக்குப் பாவத் தண்டனைக் குறைப்பு வாக்களிக்கப்படும். 1520 அளவில் அத்தொகுப்பில் ஏறத்தாழ 19,000 பொருள்கள் இருந்தன. மரித்தோரைக் காட்டி வருவாய் ஈட்டும் முறையையே லூத்தரின் கேள்வி தாக்கியது.

மரித்தோரை மறந்துவிடும்படி சீர்திருத்தவாதிகள் சொல்லவில்லை. மெலாங்தன் 1531இல் எழுதிய ஆக்ஸ்பர்க் அறிக்கையின் விளக்கவுரை, மரித்தோருக்கான மன்றாட்டைத் தாங்கள் தடைசெய்யவில்லை என்றே கூறுகிறது. அவர்களுக்காகத் திருப்பலி செலுத்தி அதைப் புண்ணியமாக எண்ணுவதையே மறுக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டு ஜெபநூலில் மரித்தோருக்கான மன்றாட்டு இருந்தது. 1552ஆம் ஆண்டு நூலில் அது நீக்கப்பட்டது. நம் தென்னிந்தியச் சபைகள் பெரும்பாலும் இரண்டாவது மரபின் அச்சத்தைச் சுதந்தரித்துக்கொண்டு, முதல் மரபின் பூக்களை மட்டும் வைத்துக்கொண்டன.

4. நமது நவம்பர் 2

கல்லறைத் திருநாளில் நாம் செய்வது என்ன? முந்திய வாரமே சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது. சலவைக்கல் பதித்த கல்லறைகள் மாலை பெறுகின்றன. போதகர் குடும்பம் குடும்பமாகச் சென்று ஜெபிக்கிறார். துக்கத்தில் உள்ளோருக்கு இது பெரும் ஆறுதல். இதை இகழ்வோர் ஒருநாளும் பிள்ளையைப் புதைக்காதவர்கள். ஆயினும் மூன்று குறைகளைச் சுட்ட வேண்டும்.

முதலாவது, இந்நாள் குடும்பத்தின் நாளாகச் சுருங்கிவிட்டது. உறவினர் இல்லாத மண்மேடு மழையில் கரைந்து, யாரும் நிற்காத இடமாகிறது. இரண்டாவது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதி வரப்பு உண்டு. உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் வாய் அவ்வரப்பைக் குறித்து மௌனமாயிருக்கிறது. மூன்றாவது, கல்லறை இருப்பவர்களை மட்டுமே நாம் நினைக்கிறோம். கல்லறை இல்லாத மரித்தோருக்கு நம் வழிபாட்டில் இடமில்லை. இந்த மூன்றாவது குறை நம் வட்டாரத்தில் மிகக் கொடியது.

5. வைப்பாற்றுப் படுகையின் மரித்தோர்

வைப்பாற்றுக் கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் குழிகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டு, எண்ணிடப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. பண்டைய மக்கள் அணிந்த ஒரு மணிகூடத் தவறிப்போகாதபடி காத்தது போற்றத்தக்கது. அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் 2024 பிப்ரவரி 17ஆம் நாள் பட்டாசு ஆலை வெடித்துப் பத்துப் பேர் மாண்டனர். அவர்களின் பெயரை இன்று சொல்லக்கூடியவர் அவர்களின் தெருவுக்கு வெளியே எத்தனை பேர்?

பட்டியல் நீளமானது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். முதல் வெடிப்பைக் கண்டு உதவிக்கு ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களும் அவர்களுள் பலர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17ஆம் நாள், தீபாவளிக்கு நான்கு வாரங்கள் இருக்கையில், ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் பத்துக்கு மேற்பட்டோர். 2024 மே 9ஆம் நாள் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1ஆம் நாள் சின்னக்காமன்பட்டி.

இவற்றை "விதி" என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் காரணங்கள் அறியப்பட்டவை. மருந்துக் கலவை உராய்வால் தீப்பற்றும். அலுமினியத் தூள் சேர்ந்த கலவை மீந்துபோய் ஈரம் ஏறினால் தானே சூடேறும். ஆகவே அதை மறுநாளுக்கு வைத்தல் ஆகாது. ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று வரம்பு உண்டு. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும், குத்தகைக்காரர் போட்ட பணத்தை எடுக்க மரத்தடியிலும் ஆட்களை அமர்த்துவதும், தீபாவளிக்கு முந்திய மாதங்களின் அவசரமும் அவ்வரம்புகளை உடைக்கின்றன. கூலி எண்ணிக்கைக் கணக்கில் வழங்கப்படும்போது, தொழிலாளியின் கையும் விரைகிறது.

இவர்களில் பெரும்பாலோர் தகனம் செய்யப்பட்டவர்கள், கல்லறை இல்லாதவர்கள். தேசத்தின் பட்டாசில் பெரும்பங்கைத் தந்த கைகளுக்குப் பெயர் எழுதிய ஒரு கல்லும் இல்லை.

6. மூன்று தடைகள்

இவர்களைச் சபை வழிபாட்டில் நினைவுகூரலாமா என்று கேட்டால் மூன்று மறுப்புகள் எழும். மரித்தோருக்காக மன்றாடுவது நம் மரபன்று என்பது முதலாவது. மேலே கண்டபடி, மரபு அத்தனை எளிதன்று. மேலும், நினைவுகூர்ந்து புலம்புவது வேறு, ஆத்துமாவின் நிலையை மாற்ற முயல்வது வேறு. சங்கீதக்காரரின் புலம்பல்கள் நமக்கு முன்மாதிரி.

அவர்கள் கிறிஸ்தவர் அல்லர் என்பது இரண்டாவது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரை ஆண்டவர் குறிப்பிடுகிறார். அவர்களின் விசுவாசத்தை அவர் ஆராயவில்லை. எண்ணிக்கையை நினைவில் வைத்திருந்தார்; அவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்னும் எண்ணத்தை மறுத்தார்; கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்ப அழைத்தார். ஒரு விபத்தைப் பற்றிய பிரசங்கம் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் நம்மிடம் இல்லை.

மூன்றாவது மறுப்பு வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அதுவே வலியது. ஆலை உரிமையாளரும் போர்மேனும் தொழிலாளியும் ஒரே ஆராதனையில் இருக்கக்கூடும்; பேசினால் தொழில் கெடும், சபை பிளவுறும் என்பது அது. மழை பொய்க்கும் கரிசல் நிலத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் சோறு போட்டன என்பது மெய். பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, வெடிக்கும் நேரத்தையும் சுருக்கிய உச்சநீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதும் மெய். ஆலைகளை மூடச் சொல்வது திருச்சபையின் வேலையன்று. ஆனால் பிழைப்பு தருகிறது என்பதற்காகச் சாவை எண்ணாதிருக்கலாகாது. ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூப்பிட்டபோது, காயீன் நல்ல விவசாயி என்பது அதற்கு விடையாகவில்லை.

7. செய்யத்தக்கவை

நவம்பர் முதல் ஞாயிற்றில், அந்த ஆண்டில் தம் சேகர எல்லைக்குள் தொழிலில் மாண்ட அனைவரின் பெயர், ஊர், வயது ஆகியவற்றை, குடும்பத்தாரின் இசைவோடு, சமய வேறுபாடின்றிச் சபையில் வாசிக்கலாம். கல்லறைத் தோட்டத்தில் யாரும் வராத மண்மேடுகளுக்கு வாலிபர் சங்கம் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றலாம். இழப்பீட்டு வழக்குகளில் அலையும் குடும்பங்களுக்கு மனு எழுதவும் உடன்செல்லவும் சபையில் இருவரை நியமிக்கலாம். களப்பணிக்கு வரும் இறையியல் மாணவர் தீக்காயப் பிரிவில் ஒரு வாரம் அமர்ந்துவிட்டு, பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றித் தம் முதல் பிரசங்கத்தை எழுதலாம்.

1854இல் வடதிருநெல்வேலியில் நடமாடும் மிஷனைத் தொடங்கிய ராக்லாந்து ஐயர் 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே மரித்தார். அவரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. சிவகாசியை அடுத்துள்ள நம் மிஷன் ஊருக்குச் சாட்சியாபுரம் என்று பெயர். எபிரெயர் நிருபம் கூறும் சாட்சிகளின் திரளை நாம் அறிந்தவர்களோடு நிறுத்திக்கொண்டால், அப்பெயருக்கு நாம் தகுதியுடையவர்களாக மாட்டோம். பூசணிக்குள் விளக்கேற்றி விளையாடும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன், வானத்தில் நாம் கண்டு மகிழ்ந்த வெளிச்சம் எவர் கையிலிருந்து வந்தது என்று அப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமாக.