வின்ஸ்டனின் மூலை

2009 ஜூலையில் அமேஸான் நிறுவனம், வாசகர்கள் காசு கொடுத்துத் தங்கள் கிண்டில் கருவிகளில் வைத்திருந்த ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' பிரதிகளை அவர்களைக் கேளாமலேயே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது. பலரும் இதிலுள்ள முரண்நகையை ரசித்ததோடு நின்றுவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அழித்தது கண்ணுக்குத் தெரிந்தது, கவனிப்பது தெரிவதில்லை. எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், எந்த வரியில் கோடிட்டோம் என்பதெல்லாம், கருவி இணையத்தைத் தொட்டதும், நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு வரியை இத்தனை பேர் கோடிட்டார்கள் என்று அதுவே நமக்குச் சொல்லவும் செய்கிறது.

வின்ஸ்டனுக்கு டெலிஸ்கிரீனின் பார்வை எட்டாத ஒரு மூலை இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் அவன் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினான். கிண்டில் வாசகனுக்கு அந்த மூலை இல்லை; புத்தகமே டெலிஸ்கிரீன். பயமுறுத்தாததால் இதைச் சௌகரியம் என்கிறோம்.

நவீன நாவல் தனியே இருக்கும் வாசகனை நம்பி எழுதப்பட்டது. அவன் வெட்கப்படும் வரியில், பிறரிடம் ஒப்புக்கொள்ள விரும்பாத வரியில்தான் அது வேலை செய்கிறது. கோடுகள் எண்ணப்படுகின்றன என்று அறிந்தவன் அந்த வரியைக் கோடிடமாட்டான். நாளடைவில் அதில் நிற்கவும் மாட்டான். நம் விமர்சனம் இதுவரை பிரதியைப் பற்றியே பேசிவந்திருக்கிறது. வாசிப்பவனின் தனிமையும் பிரதியின் ஒரு பகுதி என்று இனிச் சொல்லியாக வேண்டும்.