கனத்த சாரீரம்

பாடகி உஷா உதுப் என்றால் மும்பையை அடுத்த எங்கள் அம்பர்நாத்தில் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது 'ரம்பா ஹோ'தான். கணபதி விசர்ஜன ஊர்வலத்தில் பேண்டு கோஷ்டி அந்த மெட்டை எடுத்துவிட்டால், ரோட்டோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் மாமிகளுக்கும் கால் சும்மா இருக்காது. 1981-ல் வந்த 'அர்மான்' படப் பாட்டு, பப்பி லஹிரி இசை. அதற்கு முந்தைய வருஷம் அதே பப்பி லஹிரிக்காக 'ப்யாரா துஷ்மன்' படத்தில் 'ஹரி ஓம் ஹரி' பாடியிருந்தார். இரண்டுக்கும் திரையில் ஆடியவர் கல்பனா ஐயர். பாடியவரும் கல்யாணத்துக்கு முன் உஷா ஐயராக இருந்தவர்தான். ஆரம்ப காலத்து இசைத்தட்டுகளில் அந்தப் பெயரைத்தான் பார்க்கலாம்.

இரண்டையும் நான் ஆசை தீரக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் உஷாவின் சிறப்பு அந்த ஆரவாரத்தில் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அவர் குரலை உயர்த்தும்போது கூட்டம் எழுந்து ஆடுகிறது, சரி. குரலைக் கீழே இறக்கும்போதுதான் இன்னொருவரால் தொட முடியாத இடத்துக்குப் போகிறார்.

அந்தக் கீழ்க்குரல்தான் அவருக்கு முதல் இடைஞ்சலாகவும் இருந்தது. சென்னையிலிருந்து வந்து பம்பாயில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம்; அப்பா சாமி ஐயர் போலீஸ் அதிகாரி. 1947 நவம்பரில் பிறந்த உஷா வளர்ந்தது பைகுல்லா லவ் லேனில். நம் அம்பர்நாத் ஃபாஸ்ட் ரயில் தாதரை விட்டால் அடுத்து நிற்கிற அதே பைகுல்லா. படித்தது அங்கிருக்கும் செயின்ட் ஆக்னஸ் பள்ளியில். அங்கே பாட்டு வகுப்பில், இந்தக் குரல் மற்ற பெண்களோடு சேரவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். இருந்தும் இந்தக் குழந்தைக்குள் சங்கீதம் இருக்கிறது என்று டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அதனால் தாளம் தட்ட முக்கோணக் கம்பியும் தட்டுகட்டைகளும் கையில் கொடுத்து உட்கார வைத்தார். பின்னாளில் தாளத்தின் மேல் உஷா உட்காரும் உறுதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முக்கோணக் கம்பிதான் கண்ணில் நிற்கிறது.

பம்பாய் மாட்டுங்காவில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தக் குரலை ஏன் ஒதுக்கினார்கள் என்பது புரியும். பெண் பாடகி என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டை ஸ்ருதி என்று காது பழகிவிட்டது. ஹிந்தி சினிமாவில் லதா மங்கேஷ்கரின் உச்ச ஸ்தாயிதான் கதாநாயகியின் குரல் என்று ஆகிவிட்டிருந்த காலம் அது. இந்துஸ்தானியில் கங்குபாய் ஹங்கல் ஆண் குரலுக்கு நிகரான கனத்தோடு பாடிப் பெரும் பெயர் வாங்கினார். அது மேடை, அங்கே மரியாதை உண்டு. சினிமாவில் கனத்த குரல் வந்தால் உடனே கிளப் டான்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழில் எல்.ஆர். ஈஸ்வரிக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

உஷாவோ கிளப்பிலிருந்தே தொடங்கினார். சென்னை மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டரின் அடித்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு கிளப் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் அங்கே பட்டுப் புடவையும் பெரிய பொட்டுமாக மேடையேறி ஆங்கிலப் பாட்டு பாடினார். கிளப் பாடகி என்றால் கவுன் போட்டிருப்பாள் என்று நினைத்து வந்தவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். அடுத்து கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் 'டிரிங்காஸ்'. பிறகு டெல்லி. புடவையை மட்டும் எந்த ஊரிலும் மாற்றவில்லை.

இனி பாட்டுகள். எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது, 1980-ல் வந்த 'ஷான்' படத்தின் டைட்டில் பாட்டு, 'தோஸ்தோன் ஸே ப்யார் கியா'. ஆர்.டி. பர்மன் இசை. பித்தளை வாத்தியங்கள் முழங்கி முடித்ததும் உஷா உள்ளே வருகிறார், கத்திக்கொண்டு வரவில்லை. நட்பையும் பகையையும் ஒரே நிதானத்தில் சொல்லுகிற பாட்டு அது. ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் இழுக்காமல் சட்டென்று வெட்டி வைக்கிறார். சங்கதி இல்லை, குழைவு இல்லை. அந்த வெட்டில்தான் மிடுக்கு இருக்கிறது. வேறு யார் பாடியிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சலோ கொஞ்சம் மிரட்டலோ கலந்திருக்கும். இவர் வெறுமனே நிமிர்ந்து நிற்கிறார். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், மூச்சு எடுக்கும் இடம்கூடத் தாளத்துக்குள் அடங்கியிருக்கும்.

அடுத்தது 'மலைக்கா'. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் காதல் பாட்டு. உலகம் அதை மிரியம் மகேபாவின் குரலில் அறியும். உஷா நைரோபிக்குப் போய்ப் பாடியபோது அந்த ஊர் ஜனங்களுக்கு அவர் சொந்தமாகிவிட்டார். பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய பரிசப் பணம் கையில் இல்லாத ஓர் ஏழைப் பையன், கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியாமல் தவிப்பதுதான் பொருள். ஓர் ஆணின் புலம்பலை உஷா பாடும்போது ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழுவதில்லை. பள்ளியில் ஒதுக்கிய அந்தக் கனம் இங்கே துக்கமாக மாறுகிறது. டிஸ்கோ உஷாவை மட்டும் தெரிந்தவர்கள் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

தமிழில் அவருக்குக் கிடைத்தது குறைவு. 1975-ல் ஏ.பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில், வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் இசையில், ஓர் ஆங்கிலப் பாட்டுக்குத் திரையிலேயே தோன்றிப் பாடினார். அதற்குப் பிறகு சொல்லும்படியானது 1990-ல் 'அஞ்சலி'யின் 'வேகம் வேகம்'. இளையராஜாவின் ஐந்நூறாவது படம். ராஜா போட்ட மெட்டு பெயருக்கேற்றபடி பாய்ந்து ஓடுகிறது. உஷா அதன் பின்னால் ஓடவில்லை, அதை ஓட்டிக்கொண்டு போகிறார். வேகப் பாட்டில் தமிழ்ச் சொற்களை விழுங்கிவிடுகிற பழக்கம் நம் பாடகர்கள் பலருக்கு உண்டு. இவரிடம் ஒரு மெய்யெழுத்துகூடத் தேய்வதில்லை. பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் குடியேறியவர், ஏழெட்டு மொழிக்கு மேல் மாறிமாறிப் பாடுகிறவர். தமிழ் உச்சரிப்பை எப்படி இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று இன்றும் வியக்கிறேன்.

கல்கத்தாவும் அவரை எடுத்த எடுப்பிலேயே கொண்டாடிவிடவில்லை. எண்பதுகளில் இடதுசாரி அரசின் அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, இவர் பாடுவது கலாசாரச் சீரழிவு என்று சொல்லி அரசு அரங்குகளின் கதவை அடைத்தார். உஷா ஊரை விட்டுப் போகவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். அதே ஊர் இன்று அவரை தீதி என்று அழைக்கிறது. அவர் நெற்றிப் பொட்டின் நடுவில் இருப்பது வங்காள எழுத்தான 'க', கல்கத்தாவின் முதல் எழுத்து.

2011-ல் விஷால் பரத்வாஜின் '7 கூன் மாஃப்' வந்தது. அதில் 'டார்லிங்' பாட்டு ரஷ்ய நாட்டுப்புற மெட்டான 'கலின்கா'வைத் தழுவியது. பாடியவர்கள் ரேகா பரத்வாஜும் உஷாவும். ரேகாவின் குரல் புகை படிந்தது, உஷாவினுடையது அடியில் ஓடும் ஆறு. மெதுவாகத் தொடங்கி வெறி பிடித்தது போல் வேகமெடுக்கும் மெட்டில் இரண்டும் பின்னிக்கொள்வது அபூர்வமான அனுபவம். படத்தில் மேகி என்ற வேலைக்காரியாக உஷா நடித்தும் இருந்தார். அடுத்த ஆண்டு ஃபிலிம்பேர் சிறந்த பின்னணிப் பாடகி விருதை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். உஷாவுக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' பாட்டில் ஆஷா போஸ்லேயோடு குரல் கொடுத்து நாற்பது வருஷம் கழித்து! பத்மஸ்ரீ 2011-ல் வந்தது, பத்மபூஷண் 2024-ல். பத்மபூஷண் அறிவித்த அதே வருஷம் ஜூலையில் கணவர் ஜானி சாக்கோ உதுப் காலமானார்.

எனக்கு ஒரே ஆதங்கம். 'ஷான்' பாட்டின் நிதானத்தையும் 'மலைக்கா'வின் துக்கத்தையும் ஒரே தொண்டையில் வைத்திருக்கும் இந்தத் தமிழச்சிக்கு, நம் இசையமைப்பாளர் யாரும் மெதுவான தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பெரிதாகத் தரவில்லை. தாலாட்டு வேண்டாம், தத்துவமும் வேண்டாம். ஒரு வயலின், ஒரு கிடார், கீழ்ப் பஞ்சமத்தில் தங்கி நிற்கும் ஒரு பல்லவி போதும். இன்னும் மேடையேறிப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்.